கையெழுத்து இல்லாத ஆறு படங்கள்

அத்தியாயம் 11

ஓவியக்கூடத்துச் சுவரோரமாக வரிசையாக நிறுத்தியிருந்த அந்த ஆறு படங்களைப் பார்த்ததும் கத்தெல் நனைந்த மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? தள்ளு தள்ளு. அந்தப் பாரிஸ் அம்மா வர்றதுக்குள்ள இன்னும் நாலு படம் இறக்கணும்."

தம்பி லோயிக் இரண்டு கையிலும் படச் சட்டங்களைத் தூக்கிக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்து வந்தான்.

"இந்த ஆறும் எங்கடா இருந்துச்சு?"

"பரண்ல. பழைய பாய்மரத் துணிக்குப் பின்னாடி சொருகி வெச்சிருந்துச்சு. ஒண்ணுலயும் கையெழுத்து இல்ல. அம்மாதான் போன மாசம் இறக்கச் சொல்லி, துடைச்சு, முத்திரை குத்துனாங்க. ஏன், நல்லா இல்லையா?"

கத்தெல் ஒரு படத்தைத் திருப்பி அதன் முதுகைப் பார்த்தாள். மை காய்ந்து போன வட்ட முத்திரை. 'ஜோப் கெர்மெல் ஓவியக்கூடம்.'

ஜோப் கெர்மெல் கண்ணை மூடியதிலிருந்து இந்தக் குடும்பம் படும் பாட்டை விடாமல் படித்து வருகிறவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இந்த வாரம்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வார்த்தை.

துவார்னெனே துறைமுகத்தில் வாழ்நாள் முழுக்கக் கடலையே வரைந்த மனிதர் அவர். செத்ததும் அவர் விட்டுப்போன அத்தனை படங்களுக்கும் அரசாங்கம் விலை போட்டது. உயிரோடு இருந்தபோது ரொட்டிக் கடைக்காரன் பாக்கிக்குப் பதிலாக வாங்கிக்கொள்ள மறுத்த படங்கள்கூட அதில் சேர்த்தி. அந்த விலையில் ஒரு பங்கை வாரிசு வரியாகக் கட்டு என்கிறார்கள். கட்டக் காசு எங்கே இருக்கிறது? இருப்பது ஒரு வீடு, அதன் பின்னால் இந்த ஓவியக்கூடம், அதை ஒட்டி லோயிக்கின் படகு எஞ்சின் பட்டறை. எல்லாம் ஒரே பத்திரம். விற்றால், எழுபது தாண்டிய மரிவோன் அம்மாளுக்கு இருக்க இடமில்லை. லோயிக்குக்குப் பிழைக்க வழியில்லை.

ஒரே ஒரு வழி இருந்தது. காசுக்குப் பதிலாகப் படத்தையே வரியாகக் கொடுக்கலாம் என்று இந்த நாட்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் எந்தப் படத்தையாவது தள்ளிவிட முடியாது. தேசிய அருங்காட்சியகத்தில் மாட்டத் தகுந்தது என்று அவர்கள் சொல்ல வேண்டும். அதைப் பார்த்துச் சொல்லத்தான் பாரிஸிலிருந்து மதாம் வெர்னியே என்ற பெண்மணி இன்று வருகிறார்.

அப்புறம் அந்த முத்திரை. ஓவியர் இறந்த பிறகு, அவர் கையெழுத்துப் போடாமல் விட்ட படங்களின் முதுகில் குடும்பத்தார் ஒரு முத்திரை குத்துவது இங்கே வழக்கம். இது அவர் கையால் ஆனது, இதற்கு நாங்கள் சாட்சி என்று அதற்குப் பொருள்.

மரிவோன் அம்மாள் இந்த ஆறு படங்களுக்கும் சாட்சி சொல்லியிருக்கிறாள். அந்தச் சாட்சி பொய். இவற்றை வரைந்தது ஜோப் கெர்மெல் இல்லை. அவருடைய மூத்த மகன் எர்வான்.

கத்தெலுக்கு அது எப்படித் தெரியும் என்றால், அவன் வரையும்போது பக்கத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவளே அவள்தான். துறைமுகத்துச் சார்டின் மீன் தொழிற்சாலையை மூடிய குளிர்காலம் அது. உடைந்த ஜன்னல் வழியாக அண்ணனும் தங்கையும் உள்ளே ஏறிக் குதிப்பார்கள். காலியாகக் கிடந்த நீள மேசைகள், ஆணியில் தொங்கிய எண்ணெய்த்துணி ஏப்ரன்கள், தரையில் ஒரு ஒற்றை மரச்செருப்பு. படத்தில் ஒரு ஆள் கிடையாது. ஆனாலும் மேசைகளைப் பார்த்தால் மீன் வெட்டிய பெண்கள் இப்போதுதான் எழுந்து போனார்கள் என்று தோன்றும்.

அதற்கு முந்தின கோடையிலேயே வேறொரு படத்தைப் பெருமையோடு வீட்டுக்குக் கொண்டுவந்து, மூலையில் கையெழுத்துப் போடத் தூரிகையை எடுத்தான் எர்வான். அப்பா அதை அவன் விரலிலிருந்து உருவிக்கொண்டார்.

"கெர்மெல்னு கையெழுத்து போடறவன் இந்த ஊர்ல ஒருத்தன்தான். உனக்கு வேணும்னா வேற பேரு பாத்துக்க."

எர்வான் வேறு பேர் பார்க்கவில்லை. கையெழுத்தே போடாமல் வரைந்தான். இரண்டு வருஷம் கழித்து ஒரு காலையில் சின்னப் படகை எடுத்துக்கொண்டு கடலுக்குள் போனான். படகு மட்டும் கிடைத்தது. விபத்து என்று போலீஸ்காரர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். வீட்டில் யாரும் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அவன் படங்களையெல்லாம் எரித்துவிட்டேன் என்று அப்பா ஒரே ஒரு தடவை சொன்னார். கத்தெல் இத்தனை வருஷமும் அதை நம்பிக்கொண்டுதான் இருந்தாள்.

"லோயிக், இத உள்ள எடுத்து வெச்சிரு. அந்தம்மாகிட்டக் காட்ட வேணாம்."

"வெளையாடறியா? ஒண்ணொண்ணும் எத்தன பெருசு பாரு. சும்மா சுவர நிரப்பவாவது உதவும்."

அதற்குள் வாசலில் டாக்ஸி வந்து நின்றது.

*

மதாம் வெர்னியே ஒல்லியாக, நரைத்த தலையோடு, கால் நனைந்ததைப் பற்றிக் கவலைப்படாத பெண்மணியாக இருந்தார். காபி வேண்டாம், முதலில் படம் என்றார்.

நல்ல மனுஷிதான். அதைச் சொல்லியாக வேண்டும். இந்தக் கதையில் கெட்டவர் என்று கை நீட்ட ஒருவரையும் காணோம், அதுதான் இதில் பெரிய துயரம்.

ஜோப் கெர்மெலின் புகழ்பெற்ற கடல்கள் எதிர்ச் சுவரில் இருந்தன. மதாம் ஒவ்வொன்றின் முன்னாலும் கொஞ்சம் நின்றார்.

"இது எங்ககிட்ட இருக்கு... இதே மாதிரி ரெண்டு இருக்கு... இது அழகா இருக்கு, ஆனா இதோட அண்ணன் தம்பிங்க எல்லாரும் ஏற்கனவே எங்க கிடங்குல தூங்கறாங்க."

லோயிக் சிரிக்கப் பார்த்தான். முகம் ஒத்துழைக்கவில்லை.

"மதாம், அப்ப எதுவுமே...?"

"பொறுங்க. உங்க அப்பா பெரிய கலைஞர்தான். ஆனா கடல் எங்களுக்குப் போதுமான அளவு..."

திரும்பியவர் பேச்சை நிறுத்தினார். அந்த ஆறு படங்களின் பக்கம் போனார். கைப்பையைத் தரையில் வைத்தார். பாவாடை அழுக்காகுமே என்றுகூடப் பார்க்காமல் முதல் படத்தின் எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றினார், போட்டார், மறுபடி கழற்றினார்.

"இது எப்ப வரைஞ்சது?"

லோயிக் அக்காவைத் திரும்பிப் பார்த்தான்.

"முப்பது வருஷமா எனக்கு ஜோப் கெர்மெலத் தெரியும்னு நெனச்சிட்டிருந்தேன். ஒண்ணும் தெரியல எனக்கு. இத ஏன் அவரு யாருக்குமே காட்டல?" அவர் படத்தைத் திருப்பி முத்திரையைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார். "இந்த ஆறு போதும். வேற எதுவும் வேண்டாம். இது என் கருத்துதான், குழு கூடித்தான் முடிவு பண்ணணும். ஆனா இத வேண்டாம்னு சொல்ல அங்க யாருக்கும் தைரியம் வராது."

"ஆறு குடுத்தா... மொத்த வரியும்?"

"மொத்த வரியும்."

லோயிக் அக்காவைக் கட்டிப்பிடித்துத் தரையிலிருந்து தூக்கிவிட்டான். முப்பத்தைந்து வயசு ஆம்பிளை, குழந்தை மாதிரி விசும்பினான். "வீடு தப்பிச்சுதுக்கா! தப்பிச்சுது!"

கத்தெலுக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான் முதலில் பொங்கியது. பொய் சொல்லக் கூடாது. அண்ணா, கேட்டியா, பாரிஸ்காரி உன் படத்துக்கு முன்னாடி மண்டி போட்டு உக்காந்துட்டாடா என்று நெஞ்சு கூவியது. அடுத்த நிமிஷமே அது வடிந்துபோனது. அந்தப் பாராட்டைக் கேட்க வேண்டியவன் கடலுக்குள் இருக்கிறான். அதை வாங்கிக்கொண்டிருப்பதோ அவனைக் கையெழுத்துப் போட விடாதவர்.

*

சமையலறையில் மரிவோன் அம்மாள் கல்லில் மெல்லிய தோசை போன்ற கிரெப் சுட்டுக்கொண்டிருந்தாள். வெண்ணெய் வாசனை வீடெல்லாம் அடித்தது. கத்தெல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"அம்மா, அந்த ஆறுல எப்படி முத்திரை குத்துன? கண்ணு தெரியலையா உனக்கு?"

"கண்ணெல்லாம் நல்லாத்தான் தெரியுது."

"அது அப்பாவோடது இல்லம்மா."

"மெதுவாப் பேசு."

"அது எர்வானோடது!"

அம்மாள் கிரெப்பைத் திருப்பிப் போட்டாள். "தெரியுமே" என்றாள்.

கத்தெல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். கண் மங்கிய கிழவி தவறுதலாகக் குத்திவிட்டாள் என்று நினைத்துக்கொண்டுதான் இவ்வளவு தூரம் வந்திருந்தாள்.

"எரிச்சிரு எல்லாத்தையும்னு உங்கப்பா என்கிட்டதான் குடுத்தாரு. நான் காலிச் சட்டமா நாலு எடுத்துக் கொல்லையில போட்டுக் கொளுத்துனேன். புகையப் பாத்துட்டு அவரு திருப்தியாப் போயிட்டாரு. படங்கள நான் பரண்ல சொருகிட்டேன். இருபது வருஷம், கத்தெல். அவரு தலைக்கு மேலயே இருந்துச்சு. அவருக்குத் தெரியாது."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"சொல்லி? நீ அவருகிட்டச் சண்டைக்குப் போவ. அப்பறம் நெஜமாவே எரிச்சிருப்பாரு."

"இப்ப அதையே அவருக்குத் தூக்கிக் குடுத்துட்டியேம்மா!"

அம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் கத்தெல் இதுவரை பார்த்தே இராத ஒரு வெறி தெரிந்தது.

"நான் கதவோரம் நின்னு எல்லாம் கேட்டேன். உங்கப்பன் கடல் அவங்களுக்கு வேண்டாமாம், கெடங்குல தூங்குதாம். என் புள்ள வரைஞ்சதுதான் வேணுமாம். அது போதும்டி எனக்கு. பாரிஸ்ல பெரிய சுவத்துல அவன் மேசைங்க தொங்கும். ஜனங்க வந்து நின்னு பாப்பாங்க. ஒரு வெள்ள அட்டையில எவன் பேரு இருந்தா என்ன?"

"அவன் கேட்டது அந்தப் பேரு ஒண்ணத்தாம்மா."

அம்மாளின் வாய் கோணியது. அழுதுவிடுவாள் போலிருந்தது. அழவில்லை.

"சரி. போ. போய்ச் சொல்லு அந்தம்மாகிட்ட. பேரே தெரியாத எர்வானோட படத்துக்கு வரிய யாரும் தள்ள மாட்டாங்க. வீடு போகும். பொய் முத்திரை குத்துனவ யாருன்னு என்னத்தான் வந்து கேப்பாங்க. எல்லாம் சொல்லிட்டு, என் கட்டில எங்க கொண்டுபோய்ப் போடறதுன்னும் நீயே சொல்லு. உன் ரெண்டு ரூம் வீட்டுலயா? இல்ல கன்னியாஸ்திரிங்க நடத்தற முதியோர் இல்லத்துலயா?"

"அம்மா..."

"என் புள்ள செத்தும் எனக்கு ஒரு கூரை குடுத்துட்டுப் போயிருக்கான். அதப் பிரிக்கணும்னா பிரிச்சிக்க. தட்ட எடு. சூடு ஆறிடும்."

கத்தெல் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள்.

*

சாப்பாடு நன்றாகத்தான் போனது. மதாம் வெர்னியே கிரெப்பை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். லோயிக் கிண்ணம் கிண்ணமாக ஆப்பிள் மதுவான சைடர் ஊற்றினான். எல்லாரும் சிரித்தார்கள். கத்தெலும் சிரித்தாள். வாயில் போட்டது மண் மாதிரி இருந்தது.

மேசையைத் துடைத்ததும் மதாம் பேனாவை எடுத்தார்.

"ஒரு சின்ன உதவி. இந்த ஆறு படத்தப் பத்தி உலகத்துக்கு ஒண்ணுமே தெரியாது. குழுவுல முதல்ல கேக்கறது அதான். வீட்டுல வளந்த பிள்ளைங்க நீங்க. உங்க அப்பா இத வரைஞ்சத யாராவது பாத்திருக்கீங்களா?"

"நான் பொடியன் மதாம், பள்ளி விடுதியில இருந்தேன்" என்றான் லோயிக். "அக்காவக் கேளுங்க. அவதான் எப்பவும் கூடவே சுத்துவா."

மூன்று பேரும் கத்தெலைப் பார்த்தார்கள். மதாம் ஆசையோடு, தம்பி சந்தோஷத்தோடு. அம்மா பார்த்த பார்வையை மட்டும் கத்தெலால் தாங்க முடியவில்லை. பெற்றவள் மகளிடம் பிச்சை கேட்கிற பார்வை அது.

"பாத்திருக்கேன்" என்றாள் கத்தெல்.

"அப்படியா! எங்க வெச்சு?"

"அந்தத் தொழிற்சாலைக்குள்ளயே. அத மூடுன குளிர்காலம். உடைஞ்ச ஜன்னல் வழியா உள்ள போவோம். நான் விளக்கப் பிடிச்சுக்குவேன்."

"அப்பாவும் ஜன்னல் ஏறிக் குதிப்பாரா?" மதாம் சிரித்துக்கொண்டே எழுதினார்.

"குதிப்பாரு. கையுறையில விரல் நுனிய மட்டும் வெட்டி விட்டுருவாரு... அப்பா. தூரிகை பிடிக்கணும்ல. குளிர்ல பல்லு தாளம் போடும். அப்பவும் பாட்டுப் பாடிக்கிட்டே வரைவாரு. சாயம் உறைஞ்சு போச்சுன்னா டப்பாவ அக்குள்ள வெச்சுச் சூடு பண்ணிக்குவாரு."

சொன்னது அத்தனையும் உண்மை. ஒரு வார்த்தை கூட்டவில்லை. எர்வான் என்ற இடத்திலெல்லாம் அப்பாவை வைத்தாள், அவ்வளவுதான். ஒவ்வொரு தடவை வைக்கும்போதும் அண்ணனைப் படகோடு பிடித்துக் கடலுக்குள் தள்ளுகிற மாதிரி இருந்தது. ஜோப் கெர்மெல் தன் ஆயுளில் ஒரு நாள்கூடப் பாடிக்கொண்டு வரைந்தது கிடையாது.

"அருமை. அருமை!" மதாமுக்குக் கண் கலங்கிவிட்டது. "எப்பேர்ப்பட்ட அப்பா உங்களுக்கு."

அம்மாள் எழுந்து போய் அடுப்பைப் பார்ப்பதுபோல முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். சைடர் ஏறிய லோயிக்குக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை.

"அக்கா! உன் வீட்டுலகூட இதே மாதிரி ஒண்ணு இருக்கே! படுக்கையறையில, சின்னதா. அன்னிக்கு ஜன்னல் கொண்டி மாட்ட வந்தப்ப பாத்தேனே!"

மதாம் நிமிர்ந்தார். "இன்னொண்ணா? எங்க?"

"கேம்பேர்ல மதாம். நீங்க ரயில் ஏறப் போற ஊருதான். ஸ்டேஷன்லேர்ந்து ரெண்டு தெரு. வண்டிக்கு முன்னாடி பாத்துட்டே போகலாம், நானே கூட்டிட்டுப் போறேன்."

கத்தெல் சட்டென்று கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அந்தச் சின்னப் படத்தில் மட்டும் எர்வான் கையெழுத்துப் போட்டிருந்தான். அவளுடைய பிறந்தநாளுக்கு ரகசியமாகக் கொடுத்தது. அப்பா கண்ணில் பட்டுவிடாமல் பார்த்துக்கோ என்று சொல்லிக் கொடுத்தது.

"வீடு ஒரே குப்பையாக் கெடக்கு" என்று எழுந்தாள். "நான் முன்னாடி போய் ஒதுக்கி வைக்கிறேன்."

*

மழையில் வண்டியை எப்படி ஓட்டிக்கொண்டு வந்தாள் என்பது அவளுக்கே தெரியாது. மாடி ஏறினாள், படத்தை ஆணியிலிருந்து கழற்றினாள், அலமாரியைத் திறந்தாள்.

உள்ளே வைத்துத் துணியைப் போட்டு மூடினால் முடிந்தது. யாரோ சிநேகிதிக்குக் கொடுத்துவிட்டேன் என்று ஒரு பொய். மத்தியானம் சொன்ன பொய்க்கு முன்னால் இதெல்லாம் எந்த மூலைக்கு?

கை அசையவில்லை.

மூலையில் சிவப்புச் சாயத்தில், கொஞ்சம் கோணலாக, அவன் பேர் இருந்தது. எர்வான் கெர்மெல். உலகத்தில் அவன் அதை எழுதியிருந்த ஒரே இடம். அதன் மேல் துணியைப் போட அவளுக்கு மனசு வரவில்லை. அப்போது ஒரு எண்ணம் வந்தது. நான் எதற்கு வாயைத் திறக்க வேண்டும்? அந்தம்மா கெட்டிக்காரி. படத்தைப் பார்க்கட்டும். பேரைப் படிக்கட்டும். அதே மேசை, அதே கை என்று அவரே கண்டுபிடித்துக்கொள்ளட்டும். நான் அம்மாவுக்குத் துரோகம் பண்ணவில்லை, அண்ணனையும் மறைக்கவில்லை. அவன் கையெழுத்தே அவனுக்காகப் பேசட்டும்.

படத்தை மறுபடி ஆணியில் மாட்டினாள். வீடு போனால் போகட்டும் என்றுகூட அந்தக் கொஞ்ச நேரத்துக்குத் தோன்றியது. அம்மாவை இங்கேயே கூட்டிவந்து, தான் கூடத்தில் படுத்துக்கொண்டால் போயிற்று.

மாடிப்படியில் பேச்சுச் சத்தம் கேட்டது. லோயிக் கதவைத் தட்டாமலேயே திறந்தான்.

மதாம் வெர்னியே நேராகப் படத்தின் முன்னால் போய் நின்றார். குனிந்தார். மூலையில் இருந்த பேரை வாய்விட்டுப் படித்தார்.

"எர்வான் கெர்மெல்... இது யாரு?"

"எங்க அண்ணன்."

"இருக்காரா?"

"இல்ல. இருபது வருஷம் ஆச்சு."

"ஓ. மன்னிச்சிடுங்க." மதாம் மறுபடி பார்த்தார். நெருங்கிப் பார்த்தார், இரண்டடி பின்னால் வந்து பார்த்தார். கத்தெல் காத்திருந்தாள். இப்போது சொல்வார். இதோ சொல்லப் போகிறார்.

"பாவம்" என்றார் மதாம்.

"என்ன?"

"அப்பா பக்கத்துலயே உக்காந்து வரைஞ்சிருக்காரு. அதே மேசை, அதே ஜன்னல் வெளிச்சம். அப்படியே அப்பா மாதிரி பண்ணணும்னு எவ்வளவு ஆச பாருங்க. ஆனா இந்த எடத்துல கை தயங்குது, தெரியுதா? காலையில பாத்த அந்த ஆறுல இந்தத் தயக்கம் எங்கயும் இல்ல. அதான் பெரிய கைக்கும் சின்னக் கைக்கும் உள்ள வித்தியாசம்."

தயங்கியது குளிரில். அந்தத் தொழிற்சாலைக்குள் அவன் வரைந்த முதல் படம் அது. கையுறையில் விரல் வெட்ட வேண்டும் என்று அதற்கு அப்புறம்தான் அவனுக்குத் தோன்றியது.

"இதையும் கண்காட்சியில ஒரு ஓரமா வைக்கலாம்" என்றார் மதாம் கனிவாக. "அவர் பேரோடயே. 'தந்தையைப் பின்பற்றி மகன் வரைந்தது'ன்னு கீழ ஒரு சின்ன அட்டை. குடும்பத்துக்கும் ஒரு ஆறுதல். அந்த ஆறு பாரிஸுக்கு வரும்போது இதையும் சேத்து அனுப்புங்க."

அவர் பேரோடயே! இருபது வருஷம் கழித்து அவன் பேர் பாரிஸில் மாட்டப்படப் போகிறது. அப்பாவைப் பார்த்து வரைந்தவன் என்று.

"அவன் யாரையும் பாத்து வரையல" என்றாள் கத்தெல்.

"என்ன சொன்னீங்க?"

"அந்த ஆறையும் அவன்தான் வரைஞ்சான். அப்பா இல்ல. எங்க அண்ணன்."

சொல்லிவிட்டாள்.

மதாம் வெர்னியே அவளைப் பார்த்தார். அந்த முகத்தில் கோபமில்லை, அதிர்ச்சியில்லை. நிறைய இரக்கம் இருந்தது. கத்தெலின் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"எனக்குப் புரியுதும்மா. இந்த வேலையில நான் பாக்காத குடும்பம் இல்ல. பெரிய ஆளோட பிள்ளையாப் பொறந்தவங்களுக்கு நேரம் சரியாவே அமையறதில்ல. நீங்க தங்கச்சி, உங்க மனசு அப்படித்தான் சொல்லும். ஆனா நீங்களே மத்தியானம் எவ்வளவு அழகாச் சொன்னீங்க. ஜன்னல், கையுறை, அக்குள்ள சாயம். ஒண்ணு விடாம எழுதி வெச்சிருக்கேன். இல்லாததச் சொன்னா அப்படியா வரும்?"

கத்தெல் கையை உருவிக்கொண்டாள்.

"கொஞ்சம் ஓய்வெடுங்க. நான் கீழ கார்ல இருக்கேன் மெசியே லோயிக், வண்டிக்கு நேரமாகுது."

காலடிச் சத்தம் படியில் இறங்கிப் போனது.

லோயிக் கதவோரமே நின்றுகொண்டிருந்தான். குடித்ததெல்லாம் இறங்கிப்போன முகம். படத்தின் மூலையில், பேருக்குப் பக்கத்தில் எழுதியிருந்த வருஷத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, தொழிற்சாலைய மூடுன குளிர்காலம்னுதானே சொன்ன?"

அவள் தலையசைத்தாள்.

"அந்தக் குளிர்காலம் பூரா அப்பா பிரெஸ்ட்ல ஆஸ்பத்திரில கெடந்தாரு. இடுப்பெலும்பு முறிஞ்சு. ஞாயித்துக்கிழமையானா நானும் அம்மாவும் பஸ் ஏறிப் போவோம். கட்டில விட்டு அவரால எந்திரிக்கவே முடியல."

"ஆமாம்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவன் கை முஷ்டியால் வாயை அழுத்திக்கொண்டான். தோள் குலுங்கியது. அவளைவிட எவ்வளவோ சின்னவன். எர்வான் தோளில் உட்கார்ந்து துறைமுகமெல்லாம் சுற்றியவன்.

"நாளைக்குக் காலையில, அந்த ஆறையும் வரிக்குக் குடுக்கறதுக்கு நோட்டரிகிட்ட மூணு பேரும் கையெழுத்து போடணும். ஒருத்தர் போடலன்னாலும் செல்லாதுன்னுட்டாரு" என்றான் கடைசியில். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "நான் போடுவேன்க்கா. பட்டறைய விட்டா எனக்கு நாதியில்ல. நீ என்ன வேணா நெனச்சிக்க, நான் போடுவேன்."

"லோயிக்..."

"நீ வருவியா, மாட்டியான்னு நான் கேக்கல. எனக்கு இப்பத் தெரிய வேணாம்."

கீழே ஹாரன் அடித்தது. அவன் முகத்தைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனான். கத்தெல் கட்டிலில் உட்கார்ந்தாள். ரயிலுக்கு இன்னும் நேரமிருக்கிறது, அவசரமே இல்லை என்று மதாமிடம் அவன் மரியாதையாகச் சொல்வது மாடிவரை கேட்டது.